பகடையும் சுழல்வட்டும்

முன்னுரை

ஆட்டங்கள் பலவகைப்படும். சதுரங்கத்தில் வெற்றி தருவது அறிவு. சடுகுடுவில் வெற்றி தருவன உடல்வலியும் விரைவும் ஆகும். இவற்றில் தோற்றவன் தன் குறையை எண்ணிப் பார்த்து, அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். தாயம், பரமபதம் போன்றவை வேறு வகையின. அவற்றில் காய் எத்தனை கட்டம் செல்லவேண்டும் என்பதை ஆடுவோன் முடிவு செய்வதில்லை. அவன் உருட்டும் பகடையே முடிவு செய்கின்றது. வல்லவனும் மெல்லியனும், முதியவரும் சிறுவரும் அப்பகடையின் முன் ஒப்பாவர். பாட்டியும் பேரனும் ஒரே பலகையின் இருபுறமும் அமர்ந்து ஆட முடிவது இதனாலேயாம். ஆதலின் பகடையை ஆட்டக் கருவி என்பதினும் ஆட்டத்தின் நடுவர் என்பதே பொருத்தமாகும்.

அந்நடுவர் வீட்டில் இல்லாதபொழுது என் செய்வது? பகடை சிறிய பொருள். எளிதில் காணாமற் போவது. அப்பொழுது சிறுவர் அட்டையை வட்டமாக வெட்டி, ஆறு கூறாகப் பிரித்து, எண்களை எழுதி, நடுவில் ஒரு முள்ளைப் பொருத்திச் சுழற்றி ஆடுவதுண்டு. முள் நிற்கும் கூற்றின் எண்ணே விழுந்த எண்ணாகக் கொள்ளப்படும். இக்கருவியைச் சுழல்வட்டு எனலாம்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் சென்றதும் பின்தங்கியவன் உள்ளத்தில் ஐயம் தோன்றும். "அண்ணா, உனக்கு மட்டும் முள் ஆறிலேயே வந்து நிற்கின்றதே! நீ செய்த வட்டு அல்லவா இது?" என்று தம்பி கேட்பான். அண்ணன் சினங்கொள்வான், அட்டை ஒருபுறமும் காய்கள் ஒருபுறமும் சிதறும். தம்பி கேட்ட கேள்வி அற்பமானதன்று. கையால் செய்த சுழல்வட்டு, பகடையின் இடத்தை நேர்மையாக ஏற்க வல்லதா? வல்லதாயின் அதனை எவ்வாறு அறிவது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

பகடையும் அதன் மாற்றுக் கருவிகளும்

பகடை உருட்டும் வழக்கம் மிகப் பழமையானது. சிந்துவெளி நாகரிகத்தின் பெருநகரங்களுள் ஒன்றாகிய மொகெஞ்சதாரோவில் நடைபெற்ற அகழாய்வில் கனசதுர வடிவான பகடைகள் கிடைத்தன. அவை நாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை. தமிழ்நாட்டில், சிவகங்கை மாவட்டத்துக் கீழடியிலும் பழங்காலப் பகடைக் காய்கள் கிடைத்துள்ளன.

தமிழர் இல்லங்களில் மிகுதியாக வழங்கியது தாயக்கட்டை. அது விரல்போல் நீண்டு நான்கு பக்கங்களை உடையது. பெரும்பாலும் பித்தளையால் ஆயது. தாயக்கட்டை இல்லாதார் சோழிகளை உருட்டினர். சோழியும் இல்லாதார் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெண்மையாக்கி, எத்தனை கொட்டைகள் வெள்ளைப் பக்கம் மேலாக விழுந்தன என்று எண்ணி ஆடினர். இல்லாத கருவிக்கு மாற்றுக் கருவியைத் தாமே செய்துகொள்வது நம்மவர்க்குப் புதிதன்று.

மேலைநாட்டில் சுழலும் கருவிக்கு வேறொரு காரணத்தால் ஏற்றம் உண்டாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சமயப் பற்று மிக்க குடும்பத்தார் பலர், பகடையைச் சூதாடுவோரின் கருவி எனக் கருதினர். அது தம் இல்லத்தில் நுழைதல் கூடாது என்றனர். 1843ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் 'மகிழ்ச்சி மாளிகை' என்னும் பொருள்படும் பெயருடைய ஆட்டப் பலகை ஒன்று வெளியிடப்பெற்றது. நற்பண்புகள் காயை முன்னேற்றுவதும் தீய பண்புகள் பின்தள்ளுவதும் அதன் அமைப்பு. அதனுடன் பகடை தரப்படவில்லை. பக்கங்களில் எண் எழுதிய சிறு பம்பரமே தரப்பட்டது. 1860இல் மில்டன் பிராட்லி என்பார் வெளியிட்ட வாழ்க்கை ஆட்டத்திலும் ஆறு பக்கமுள்ள பம்பரமே இடம்பெற்றது. நூறாண்டு கழித்து, 1960இல் அவ்வாட்டம் புதுவடிவில் வந்தபொழுது, ஒன்று முதல் பத்து வரை எண்களையுடைய சுழல்வட்டு ஒன்று பலகையிலேயே பொருத்தப்பட்டிருந்தது.

பகடையை விலக்கிப் பம்பரத்தை ஏற்றமையால் தற்செயல் அவ்வில்லங்களை விட்டு விலகிவிடவில்லை. அது வேறோர் உருவத்தில் உள்ளே வந்தது, அவ்வளவே. கருவியின் பெயரும் வடிவும் மாறலாம். அது செய்யவேண்டிய கடமை மாறுவதில்லை.

நடுநிலையின் இலக்கணம்

அக்கடமை யாது? நேர்மையான பகடைக்கு மூன்று இயல்புகள் வேண்டும். முதலாவது, ஆறு எண்களும் ஒத்த வாய்ப்புடையன ஆதல். பலமுறை உருட்டினால் ஒவ்வோர் எண்ணும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வருதல் வேண்டும். இரண்டாவது, முன் விழுந்தது பின் விழுவதைப் பாதியாமை. பகடைக்கு நினைவு இல்லை. மும்முறை ஆறு விழுந்ததனால் நான்காம் முறை ஆறு விழுவது அரிதாவதும் இல்லை, எளிதாவதும் இல்லை. மூன்றாவது, உருட்டுவோன் விருப்பத்துக்கு இணங்காமை.

இவ்விலக்கணத்தை அறியாமையால் எழும் பூசல்கள் பல. பத்து முறை உருட்டியும் ஒருமுறைகூட ஆறு விழவில்லை என்றால், சிறுவன் கருவியைப் பழிப்பான். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், குற்றமற்ற பகடையிலும் பத்துருட்டில் ஆறே வாராதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உண்டு. ஆறு சிறுவர் பத்துப் பத்து முறை உருட்டினால் அவருள் ஒருவர்க்கு இந்நிலை நேர்வது இயல்பே. நடுநிலை என்பது எல்லார்க்கும் ஒரே எண் விழுதல் அன்று. எல்லார்க்கும் ஒரே வாய்ப்பு இருத்தலே ஆகும்.

சுழல்வட்டு இம்மூன்று இயல்புகளையும் பெறுமா என்று ஆராயுங்கால், அதற்கு வரக்கூடிய குற்றங்களை மூவகையாகப் பகுத்தல் தகும். வட்டின் அமைப்பால் வருவது பொருட்குற்றம். சுழற்றும் விரலால் வருவது கைக்குற்றம். அறிந்தும் மறைப்பதால் வருவது மனக்குற்றம்.

பொருட்குற்றம்

பொருட்குற்றத்துள் முதன்மையானது கூறுகள் ஒவ்வாமை. வட்டம் முழுவதும் 360 பாகை. ஆதலின் ஆறு கூறுகளும் 60 பாகை உடையனவாதல் வேண்டும். கண்ணளவாகக் கோடு கிழித்தால் ஒரு கூறு 66 பாகையும் மற்றொன்று 54 பாகையும் ஆகிவிடுதல் எளிது. அவ்வாறாயின், 600 முறை சுழற்றும்பொழுது முதற்கூறு ஏறத்தாழ 110 முறையும் பின்னது 90 முறையும் வரும். இப்பிழையை நீக்க ஓர் எளிய வழி உண்டு. கவராயத்தால் வட்டம் வரைந்தபின், அதன் கால்களின் அகலத்தை மாற்றாமல், வட்டத்தின் விளிம்பின்மேலேயே ஒரு புள்ளியிலிருந்து அடுத்தடுத்து வைத்துச் சென்றால், மிகச் சரியாக ஆறாம் முறையில் தொடங்கிய புள்ளிக்கே வந்துசேரும். அவ்வாறு புள்ளிகளையும் நடுப்புள்ளியோடு இணைத்தால் ஆறு ஒத்த கூறுகள் கிடைக்கும். கோணமானியும் வேண்டுவதில்லை.

அடுத்தது முள்ளின் நிறையும் தளத்தின் சாய்வும் ஆகும். இங்கு நுட்பமான செய்தி ஒன்று உண்டு. முள்ளின் ஒருமுனை கனமாக இருப்பினும், வட்டு சமதளத்தில் கிடக்குமாயின் தீங்கு பெரிதில்லை. முள் கிடையாகவே சுழலுதலின், கனமான முனை இறங்குவதற்குப் பள்ளம் இல்லை. தளம் சற்றே சாய்ந்திருப்பினும், முள் இருபுறமும் ஒத்த நிறை உடையதாயின் அப்பொழுதும் தீங்கு பெரிதில்லை. இரண்டு குறைகளும் ஒருங்கு சேரும்பொழுதே கனமுனை பள்ளத்தை நாடிச் செல்லும். ஒரே எண் மீண்டும் மீண்டும் வரும்.

முள்ளைச் சோதிப்பது எளிது. வட்டைச் சுவரோடு நிறுத்துவதுபோல் செங்குத்தாகப் பிடித்து முள்ளைச் சுழற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே முனை கீழ்நோக்கி வந்து நிற்குமாயின் அம்முனை கனமானது என்று அறியலாம். அதனைச் சிறிது கத்தரித்தோ, எதிர்முனையில் சிறிது மெழுகை ஒட்டியோ நிறையைச் சமன் செய்யலாம். பல இடங்களில் மாறிமாறி நிற்கும் முள்ளே நடுநிலை வாய்ந்தது. முள்ளுக்கும் அட்டைக்கும் இடையே ஒரு பாசிமணியைக் கோத்து ஊசியை நேராகச் செருகினால், முள் அட்டையில் உராயாமல் நெடுநேரம் சுழலும்.

முள்ளுக்கு மாற்றாக, ஆறு பக்கமுள்ள அட்டையின் நடுவில் குச்சி செருகிப் பம்பரமாகச் சுழற்றுவோரும் உளர். அது ஓய்ந்து சாயும்பொழுது தரையைத் தொடும் பக்கத்தின் எண்ணைக் கொள்வர். இதில் குச்சி நடுப்புள்ளியினின்றும் சிறிது விலகினாலும் கனமிக்க பக்கம் தரையை நாடும். ஆதலின் இதனைச் செய்வதற்கு மிகுந்த கவனம் வேண்டும். முள் அமைந்த வட்டே சிறுவர்க்கு எளியது.

எண்களை எழுதும் முறையிலும் கருத்துச் செலுத்துதல் நன்று. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக எழுதினால், பெரிய எண்கள் வட்டின் ஒருபாலும் சிறிய எண்கள் மற்றொருபாலும் திரண்டுவிடும். 1, 5, 3, 6, 2, 4 என்னும் முறையில் சுற்றி எழுதினால் பெரியனவும் சிறியனவும் கலந்து நிற்கும். எதிரெதிர்க் கூறுகளின் கூட்டுத்தொகையும் இக்காலப் பகடையிற்போல ஏழாகும். முள் ஒருபக்கம் சிறிது சாய்ந்தாலும் அதன் பயன் பெரிய எண்ணுக்கே போய்ச் சேராது.

கைக்குற்றம்

வட்டு குற்றமற்றதாயினும், சுழற்றுவது மனிதனின் விரலன்றோ? முள்ளை மெல்லத் தட்டி, வேண்டிய கூற்றில் நிறுத்தப் பழகியவன் ஒருவன் இருத்தல் கூடும். பகடைக்கும் இவ்வாறான ஐயம் உண்டு. அதனாலேயே உள்ளங்கையில் வைத்து நழுவவிடாமல் நன்கு குலுக்கி உருட்டவேண்டும் என்பர்.

இதற்கு விடை முள் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கையில் உள்ளது. விரலின் விசை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இராது. ஒருமுறை தட்டிய வேகத்தைவிட மறுமுறை பத்தில் ஒரு பங்கு மிகுந்தது என்று கொள்க. அப்பொழுது முள் செல்லும் தொலைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகும். முள் ஒரு சுற்றே சுற்றுவதாயின், இம்மிகுதி ஒரு கூற்றுக்குச் சற்று மேற்பட்டதாக இருக்கும். பழகிய விரல் அதனை அடக்கிவிடலாம். முள் பத்துச் சுற்றுச் சுற்றுவதாயின், அதே மிகுதி இரண்டு முழுச் சுற்றுகளாக விரிந்துவிடும். அதாவது பன்னிரண்டு கூறுகளைக் கடந்துவிடும். வேகத்தின் மிகச் சிறிய வேறுபாடும் விடையை மாற்றிவிடுதலின், எந்த விரலும் அதனை ஆள முடியாது.

பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஆன்ரி புவான்காரே (1854-1912), செந்நிறமும் கருநிறமும் மாறிமாறி அமைந்த சுழல்வட்டை எடுத்துக்கொண்டு இக்கருத்தை ஆராய்ந்தார். தட்டுவோனின் பழக்கம் எத்தகையதாயினும், கூறுகள் சிறியனவாகவும் ஒத்தனவாகவும் இருந்து, முள் பல சுற்றுகள் சுற்றுமாயின், இரு நிறங்களுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே ஆகிவிடும் என்பது அவர் விளக்கம். வலிமையாகச் சுழற்றுதல் விளையாட்டுக் குறும்பன்று. நேர்மைக்கு அது காப்பாகும்.

இவ்விடத்தில் பொருட்குற்றத்துக்கும் கைக்குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். வட்டில் ஆறாம் கூறு சற்றுப் பெரியதாயின், அதன் பயன் அண்ணனுக்கும் கிடைக்கும், தம்பிக்கும் கிடைக்கும். இருவரும் அதே வட்டைத்தான் சுழற்றுகின்றனர். ஆட்டம் சிறிது விரைவாக முடியுமேயன்றி ஒருவனுக்குமட்டும் இழப்பில்லை. கைக்குற்றமோ ஒருவனுக்கே உரியது. அதனால் மற்றவன் இழக்கின்றான். தம்பியின் ஐயம் வட்டின்மேல் எழுந்தது. ஆராயவேண்டியது சுழற்றும் விரல்.

மனக்குற்றம்

வட்டின் குறை எல்லார்க்கும் பொது என்றது, அக்குறையை எவரும் அறியாத வரையிலும்தான். எந்த எண் விழும் என்று முன்கூட்டிச் சொல்லி ஆடும் ஆட்டங்கள் சில உண்டு. அவற்றில், ஆறாம் கூறு பெரியது என்பதை அறிந்தவன் எப்பொழுதும் ஆறையே சொல்வான், அறியாதவன் தோற்பான். அப்பொழுது அட்டையில் இருந்த சிறு பிழை, அறிந்தவன் உள்ளத்தில் வஞ்சனையாக மாறிவிடுகின்றது. பாரதக் கதையில் சகுனி உருட்டிய பகடையும் அத்தகையது. ஆடுவோர் இருவரும் ஒரே பலகையின்முன் அமர்ந்திருந்தும், வாய்ப்பு இருவர்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. பொருட்குற்றத்தைக் கத்தரியால் திருத்தலாம். கைக்குற்றத்தை விதியால் தடுக்கலாம். மனக்குற்றத்துக்கு, அறிந்ததை வெளியிடுதல் ஒன்றே மருந்து.

எண்ணித் தெளிதல்

கருவி நேர்மையானதா என்பதைச் சொல்லால் நிறுவ இயலாது. எண்ணியே தெளிதல் வேண்டும். 600 முறை சுழற்றி, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்று குறித்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு ஐந்து முறையாக இரண்டு மணி நேரத்தில் இது முடியும். ஒவ்வோர் எண்ணும் சரியாக 100 முறை வரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. நேர்மையான கருவியிலும் ஓர் எண்ணின் வரவு பெரும்பாலும் 82க்கும் 118க்கும் இடையே எங்கேனும் அமையும்.

ஆறு எண்களையும் ஒருங்கு வைத்து மதிப்பிடும் முறையை 1900ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் கார்ல் பியர்சன் வகுத்தார். வந்த எண்ணிக்கைக்கும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை அதே எண்ணால் பெருக்கி, எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்து, ஆறு ஈவுகளையும் கூட்டவேண்டும். ஆறு கூறுள்ள கருவிக்கு அக்கூட்டுத்தொகை 11.07ஐக் கடப்பது, கருவி நேர்மையானதாயின், நூற்றுக்கு ஐந்து முறையே நேரும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வட்டில் ஆறு எண்களும் முறையே 92, 108, 97, 104, 95, 104 முறை வந்தன என்க. வேறுபாடுகள் 8, 8, 3, 4, 5, 4. இவற்றின் வர்க்கங்கள் 64, 64, 9, 16, 25, 16, கூட்டுத்தொகை 194. நூறால் வகுக்க 1.94 ஆகும். ஐயத்துக்கு இடமில்லை. மற்றொரு வட்டில் 80, 118, 96, 125, 99, 82 என வந்தால், அதே முறையில் 16.9 கிடைக்கும். அது 11.07ஐக் கடந்தமையால் அவ்வட்டை மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும்.

எண்ணுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. முன்னே கூறிய 66 பாகைக் கூறு 600 சுழற்றில் ஏறத்தாழ 110 முறை வரும். அதுவோ நேர்மையான வட்டிலும் வரக்கூடிய தொகையே. எனவே அச்சிறு பிழையை 600 சுழற்றும் உறுதியாகக் காட்டிக்கொடுக்காது. சிறு பிழையைக் காண மிகப் பெருந்தொகை வேண்டும்.

இவ்வுண்மைக்குப் பகடையே சான்று. இங்கிலாந்து விலங்கியல் அறிஞர் வால்டர் வெல்டன், பன்னிரண்டு பகடைகளை ஒருங்கே எடுத்து 26,306 முறை உருட்டி எண்ணினார். 1894இல் அம்முடிவைத் தம் நண்பர் பிரான்சிஸ் கால்ட்டனுக்கு எழுதினார். பகடைகள் விழுந்த தொகை மொத்தம் 3,15,672. ஐந்தோ ஆறோ விழுதல் மூன்றில் ஒரு பங்காகிய 1,05,224 முறை நிகழ்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ 1,06,602 முறை. புள்ளிகளைக் குழியாகத் தோண்டுவதால், ஐந்து, ஆறு உள்ள முகங்கள் எதிர்முகங்களினும் சிறிது இலேசாகி மேல்நோக்கி விழுகின்றன என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். சூதாட்ட விடுதிகளுக்கெனச் செய்யும் பகடைகளில் அக்குழிகளை ஒத்த நிறையுள்ள பொருளால் நிரப்பிச் சமன் செய்வதும் இதனால்தான்.

ஆதலின் கடையில் வாங்கிய பகடை குற்றமற்றது, வீட்டில் செய்த வட்டு குற்றமுடையது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. இரண்டிலும் சிறு குறை உண்டு. குறை ஆட்டத்தைக் கெடுக்காத அளவுக்குச் சிறியதா என்பதே கேள்வி. எண்ணிப் பார்த்தும் தோன்றாத குறையைச் செய்யும்பொழுதே தவிர்ப்பது, அளவு பிழையாமல் வட்டத்தை வரைவதால் கைகூடும்.

ஆட்டத்துக்கு ஏற்ற வட்டு

ஒரு பகடை உருட்டும் ஆட்டத்துக்கு ஆறு கூறுள்ள வட்டு போதும். தாய ஆட்டத்துக்கு அது போதாது. தாயக்கட்டை இரண்டு; ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்னும் குறிகள் உண்டு. இரண்டும் வெறுமையாக விழின் அதனைப் பன்னிரண்டு என்பர். ஒன்று விழுந்தால் தாயம். ஆகவே விழக்கூடியன தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என ஏழு. ஏழு விளைவுகள் இருத்தலின் ஏழு கூறுள்ள வட்டு செய்தால் போதும் என்று தோன்றும். அது பெரும் பிழையாகும்.

இரு கட்டைகளும் சேர்ந்து விழும் வகைகள், நான்கை நான்கால் பெருக்கப் பதினாறு. அவற்றுள் தாயம் விழும் வகை இரண்டு. இரண்டு விழும் வகை மூன்று. மூன்று விழும் வகை நான்கு. நான்கு விழும் வகை மூன்று. ஐந்து விழும் வகை இரண்டு. ஆறு விழும் வகை ஒன்று. பன்னிரண்டு விழும் வகை ஒன்று. கட்டைகளை உருட்டினால் பன்னிரண்டு பதினாறில் ஒரு பங்கே வரும். ஏழு கூறு வட்டிலோ ஏழில் ஒரு பங்கு வரும். அரிதாகிய பேறு மலிந்துவிடும். கட்டைகளில் நான்கில் ஒரு பங்காக வரும் மூன்றோ, வட்டில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆட்டத்தின் பெயர் மட்டும் எஞ்சும், ஆட்டம் வேறாகிவிடும்.

இதற்குத் தீர்வு இரண்டு. நான்கு கூறுள்ள வட்டைச் செய்து இருமுறை சுழற்றிக் கூட்டிக்கொள்ளலாம். அல்லது வட்டைப் பதினாறு ஒத்த கூறுகளாக்கி, மேலே சொன்ன கணக்கின்படி எண்களை இட்டு நிரப்பலாம். முன்னதே எளிது, கூறுகள் பெரியனவாக இருத்தலின் முள் கோட்டில் நின்று ஐயம் விளைவிப்பதும் குறையும். கூறுகளை எண்ணுமுன் வாய்ப்பை எண்ணவேண்டும் என்பதே இதனால் அறியத்தக்கது.

ஆட்டத்துக்கு முன் உடன்பாடு

வட்டு செய்து முடித்தபின், ஆடுவோர் அனைவரும் கூடிச் சில விதிகளை உடன்பட்டுக்கொள்ளுதல் நன்று. வட்டைச் சமதளத்தில் வைத்தல் வேண்டும். முள் ஐந்து சுற்றுக்குக் குறைவாகச் சுற்றினால் அச்சுழற்று செல்லாது. முள் கோட்டின்மேல் நின்றால், எந்தக் கூற்றுக்கு அருகில் உள்ளது என்று வாதிடாமல் மீண்டும் சுழற்றவேண்டும். முள் முற்றும் ஓயுமுன் எவரும் அதனைத் தொடலாகாது. ஐயம் உள்ளவர், ஒவ்வொரு சுழற்றுக்கும் முன் வட்டைத் தாம் விரும்பியபடி திருப்பி வைத்துக்கொள்ளலாம். அப்பொழுது சுழற்றுவோன் கண்களை மூடியிருத்தல் வேண்டும்.

இவை யாவும் ஆட்டம் தொடங்குமுன் செய்யத்தக்கன. வெற்றி தோல்வி தெரியாதபொழுது விதி செய்வோர், அது தமக்கு நன்மை தருமோ தீமை தருமோ என்று அறியார். ஆதலின் எல்லார்க்கும் நல்லதையே விரும்புவர். தோற்றபின் விதி செய்வோர் தம் இழப்பையே நினைப்பர். வட்டை முன்னே சோதிப்பது நேர்மை. பின்னே பழிப்பது பூசல்.

முடிவுரை

செம்மையாக அளந்து, நிறை சமன் செய்து, வலிமையாகச் சுழற்றி, ஆட்டத்தின் கணக்குக்கேற்பக் கூறுகளை அமைத்தால், கையால் செய்த சுழல்வட்டு பகடையின் இடத்தை ஏற்கத் தகுதியுடையதே. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் தகுதி குறையும்.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். சூதுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது போற்றத்தக்கது, பின்னது விலக்கத்தக்கது. பொருள் வைத்து ஆடும் சூதை விலக்கி, பொழுதுபோக்காக ஆடும் ஆட்டத்தில் நடுவுநிலைமையைப் பயிலுவார்க்கு அட்டையும் ஊசியும் பாசிமணியும் போதும். அண்ணன் வட்டம் வரையும்பொழுதே தம்பியையும் உடன் அமர்த்திக்கொண்டு, கவராயத்தை அவன் கையிலும் கொடுத்து, 600 சுழற்றையும் இருவருமாக எண்ணி எழுதினால், "நீ செய்த வட்டு" என்னும் சொல் எழாது. "நாம் செய்த வட்டு" என்னும் சொல்லே எழும். அதன்பின் முள் எங்கு நின்றாலும் இருவரும் அதனை ஏற்பர்.